ஐந்து விநாடிக்கு ஓர் ஊசி: எகிப்தில் ஹெபடைடிஸ் சி பரவிய கதையும் அடங்கிய கதையும்

1964இல் எகிப்தின் சிகிச்சை முகாம் ஒன்றில் நடந்தது இது. காலை 9.20க்கு டாக்டர் ஊசி போட ஆரம்பிக்கிறார். ஆண், பெண், குழந்தை என்று வரிசை நகர்ந்துகொண்டே இருக்கிறது. 10.10க்கு முடித்துவிடுகிறார். மொத்தம் 504 ஊசி. நடுவில் எடுத்த பத்து நிமிட ஓய்வைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால் ஓர் ஊசிக்கு ஐந்து விநாடிகூட வரவில்லை, அதுவும் இடுப்பில் குத்திவிட்டு அனுப்புகிற ஊசி இல்லை, நரம்பைத் தேடிப் பிடித்து ஏற்றுகிற ஊசி. பயன்படுத்திய சிரிஞ்சு ஒரு தட்டில் விழும், நர்ஸ் அதை எடுத்துக் கழுவுவார், ஓரிரு நிமிடம் கொதிக்கும் நீரில் கிடக்கும், மறுபடி மருந்து ஏறி டாக்டர் கைக்கு வந்துவிடும். பக்கத்தில் நின்று பார்த்த வெளிநாட்டு மருத்துவர் ஒருவர் இதை எழுதி வைத்தார். குறை சொல்லி இல்லை, அந்த வேகத்தை வியந்து.

ரத்தம் வழியாகத் தொற்றிக் கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக வைரஸின் படத்தைப் போட்டுவிட்டு அறிகுறிகளைப் பட்டியலிடுவார்கள். எனக்கு அதைவிட இந்த ஐம்பது நிமிடம்தான் அந்த நோயைப் புரியவைத்தது. உலகத்திலேயே இந்த வைரஸ் மிக அதிகமாகப் பரவிய நாடு என்று பேர் வாங்கியது எகிப்து. அதே எகிப்துதான் பின்னாளில் உலகத்திலேயே முதல் ஆளாக அதை மூலைக்குத் தள்ளியது. இரண்டுமே அரசாங்கம் நடத்திய முகாமில், நீண்ட வரிசையில், இலவசமாக நடந்தவை. அதனால்தான் இதை ஆரம்பத்திலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

வாய்க்காலில் இருந்த புழு

ஊசி எதற்கு? பில்ஹார்சியா என்ற புழு நோய்க்கு. நைல் நதியின் பாசன வாய்க்கால்களில் நத்தைகள் உண்டு, அந்த நத்தைக்குள் வளரும் நுண்ணிய புழுக்குஞ்சு தண்ணீரில் நிற்கிறவரின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வயல் வேலை, துணி துவைப்பது, பிள்ளைகள் குளிப்பது எல்லாம் வாய்க்காலில்தான் என்றால் யார் தப்பிக்க முடியும்? ஒருவகைப் புழு சிறுநீர்ப்பையைக் கெடுக்கும், இன்னொன்று குடலையும் கல்லீரலையும். பையன்களுக்குச் சிறுநீரில் ரத்தம் போவதை வயசுக்கு வருகிற அடையாளம் என்று நினைத்த கிராமங்கள் உண்டு, அந்த அளவுக்கு அது சாதாரணம். புழுவை 1851இல் கெய்ரோவில் கண்டுபிடித்தவர் தியோடர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர், பேரும் அவர் பேர்தான். அரபு உலகமே கொண்டாடிய பாடகர் அப்தெல் ஹலீம் ஹஃபீஸ் சின்ன வயதில் வாய்க்காலில் பிடித்த இந்த நோயோடுதான் கடைசிவரை போராடி 1977இல், 47 வயதில் செத்துப்போனார்.

அந்தக் காலத்தில் இதற்கு இருந்த மருந்து ஆன்டிமனி உப்பு, டார்ட்டர் எமெடிக் என்பார்கள். எமெடிக் என்றாலே வாந்தி வரவைப்பது. வாயால் கொடுத்தால் நிற்காது, நரம்பு வழியாகத்தான் ஏற்றணும். அதுவும் ஒரே ஊசியில் முடியாது, வாரக்கணக்கில் ஒரு டஜன் ஊசி, சிலருக்கு அதற்கும் மேல். பாதியிலேயே ஓடிப்போனவர்கள் நிறைய. ஓடாமல் முழுசாகப் போட்டுக்கொண்டவர் என்ன செய்வார்? வீட்டுக்குப் போய் மறுநாள் அதே வாய்க்காலில் இறங்குவார். புழு திரும்ப வரும், அவரும் ஊசி வரிசைக்குத் திரும்ப வருவார்.

1950களிலிருந்து 1980கள்வரை இந்த இயக்கம் பெரிய அளவில் நடந்தது, ஊசி அதற்கு முன்பே பழக்கத்தில் இருந்தது. 1960களின் நடுவில் ஆண்டுக்குச் சராசரியாக இரண்டரை லட்சம் பேருக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஊசிகள் போட்டிருக்கிறார்கள். எத்தனை பேருக்கு ஊசி போட்டோம் என்பதற்குத் துல்லியமான கணக்கு இருக்கிறது, எத்தனை சிரிஞ்சில் போட்டோம் என்பதை யாரும் கணக்கு வைக்கவில்லை. வைக்கத் தோன்றியிருக்காது. இன்றைய அறிவை வைத்துக்கொண்டு அந்த டாக்டர்களைத் திட்டுவது சுலபம். எங்கள் ஊர் டாக்டர் மேசையிலும் என் சின்ன வயதில் ஒரு எவர்சில்வர் டப்பா கொதித்துக்கொண்டேதான் இருந்தது, மூடியைத் திறந்து இடுக்கியால் கண்ணாடி சிரிஞ்சை எடுத்து இரண்டு உதறு உதறிவிட்டுத்தான் 'திரும்பிப் படு' என்பார், ஆவி பறக்கிறதே, சுத்தமாகத்தான் இருக்கும் என்று அம்மாவும் நம்பினாள், நானும் நம்பினேன்.

1980களில் பிராசிகுவான்டல் என்ற மாத்திரை வந்தது. வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தால் போதும். ஊசி முகாம்கள் முடிந்தன, புழுவும் குறைந்தது. எல்லோரும் நிம்மதியானார்கள்.

பேரே இல்லாத நோய்

ஊசி போட்ட காலம் முழுக்க ஹெபடைடிஸ் சி வைரஸுக்குப் பேரே கிடையாது. ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் வீங்குகிறது, சோதித்தால் ஏற்கெனவே தெரிந்த ஹெபடைடிஸ் ஏ வைரஸும் இல்லை, பி-யும் இல்லை, அதனால் 'ஏ-யும் அல்லாத பி-யும் அல்லாத' ஹெபடைடிஸ் என்றே ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1989இல்தான் வைரஸை அடையாளம் கண்டார்கள். அந்தப் பாதையில் வேலை செய்த ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும் 2020இல் மருத்துவ நோபல்.

சோதனை வந்ததும் எகிப்தில் ரத்ததானம் செய்ய வந்தவர்களைப் பார்த்தார்கள். அதிர்ந்துபோனார்கள். பக்கத்து நாடுகளில் எங்குமே இல்லாத அளவு. ஏன் என்பதற்கு விடை 2000ஆம் ஆண்டு லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில் கிடைத்தது: எந்தப் பகுதியில், எந்த வயதுக்காரர்கள் அந்த ஊசியை அதிகம் போட்டுக்கொண்டார்களோ, அங்கே, அவர்களிடம்தான் வைரஸும் அதிகம். மருத்துவ சிகிச்சையே ரத்தவழிக் கிருமியைப் பரப்பியதில் உலகம் கண்ட மிகப் பெரிய சம்பவம் இதுதான் என்று அந்த ஆய்வாளர்கள் கருதினார்கள். வைரஸின் மரபணுவை வைத்துக் காலத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்ட வேறொரு குழுவுக்கும் 1930 முதல் 1955 வரையிலான காலத்திலேயே அது எகிப்தில் வேகமெடுத்துவிட்டது என்று விடை வந்தது. ஊசியால் தொற்றியவர் பிறகு ரத்தம் கொடுப்பார், பல் பிடுங்கப் போவார், டயாலிசிஸ் படுக்கையில் படுப்பார். முகாம் நின்றபிறகும் பரவல் நிற்காததற்குக் காரணம் அது.

2008இல் நாடு தழுவிய கணக்கெடுப்பு. 15 முதல் 59 வயதுவரை உள்ளவர்களில் 14.7 சதவீதம் பேரின் ரத்தத்தில் ஆன்டிபாடி, அதாவது வைரஸ் வந்துபோனதன் அல்லது இருப்பதன் தடயம். வைரஸே ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் 9.8 சதவீதம். பத்தில் ஒருவர்! அங்கே மக்கள் இதை 'வைரஸ் சி' என்று சொல்வார்கள், நாம் சர்க்கரை, பிரஷர் என்று சொல்வதுபோல.

கல்லீரல் கத்தாது

நாற்பது வருஷம் ஒரு நாட்டில் இப்படி ஒன்று பரவியும் யாருக்கும் எப்படித் தெரியாமல் போனது என்று கேட்கலாம். இந்த வைரஸின் குணமே அதுதான். உள்ளே நுழைந்ததும் பெரும்பாலானோருக்கு ஒன்றுமே தெரியாது, காய்ச்சல்கூட இருக்காது, மஞ்சள் காமாலை சிலருக்குத்தான் வரும். பத்துப் பேருக்குத் தொற்றினால் ஏறக்குறைய மூன்று பேருக்கு ஆறு மாதத்துக்குள் தானாகவே போய்விடும், மீதி ஏழு பேரிடம் தங்கிவிடும். தங்கியவர்களில் 15 முதல் 30 சதவீதம் பேருக்கு இருபது ஆண்டுகளில் சிரோசிஸ், கல்லீரல் தழும்பேறிச் சுருங்கிக் கல்லாவது. அப்புறம் அவர்களில் சிலருக்குக் கல்லீரல் புற்றுநோய். இத்தனை வருஷமும் அந்த ஆள் வயலுக்குப் போவார், கல்யாணம் செய்வார், பிள்ளை பெறுவார். கொஞ்சம் அசதியாக இருக்கிறது என்பார், அவ்வளவுதான். கல்லீரல் முக்கால்வாசி கெடும்வரை கத்தாத உறுப்பு. வயிறு வீங்கியோ ரத்த வாந்தி எடுத்தோ அவர் ஆஸ்பத்திரிக்கு வரும்போது, சின்ன வயதில் வரிசையில் நின்று போட்டுக்கொண்ட ஊசி ஞாபகத்திலேயே இருக்காது.

நம் ஊரில் இங்கே ஒரு குழப்பம் உண்டு. மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்துக் குடிக்கிறோம், ஒரு மாதத்தில் சரியாகிறது, மருந்து வேலை செய்தது என்று சந்தோஷப்படுகிறோம். கெட்ட தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும் நோய், கீழாநெல்லி குடித்தாலும் குடிக்காவிட்டாலும். சி அப்படி இல்லை. கண்ணில் மஞ்சள் போய்விட்டது என்பதால் வைரஸ் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

சோதனை இரண்டு படி. முதலில் ஆன்டிபாடி, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும். அது பாசிட்டிவ் என்றால் நோய் இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது, வைரஸின் மரபணுப் பொருளான ஆர்என்ஏ ரத்தத்தில் இருக்கிறதா என்று பிசிஆர் என்ற சோதனையில் பார்க்க வேண்டும். இருந்தால்தான் சிகிச்சை. இந்த இரண்டாவது படியைக் கடைசியில் மறுபடி பார்ப்போம்.

மாத்திரைக்கு ஆயிரம் டாலர்

2014வரை எகிப்தில் இருந்த மருத்துவம் இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும். வாரம் ஓர் ஊசி, 48 வாரம். காய்ச்சல், ரத்தசோகை, முடி கொட்டுவது, மனச்சோர்வு எல்லாவற்றையும் தாங்கி முடித்தாலும் பாதிப்பேருக்குத்தான், நல்லபடியாகப் போனால் கொஞ்சம் கூடுதலானவர்களுக்குத்தான் குணம். எகிப்தில் ஓடுவது பெரும்பாலும் நான்காம் மரபுவகை வைரஸ், மருந்து கம்பெனிகளின் ஆராய்ச்சியோ பணக்கார நாடுகளில் ஓடும் முதல் வகையைச் சுற்றியே இருந்தது.

2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிர் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வைரஸ் தன்னைப் பிரதியெடுக்கப் பயன்படுத்தும் நொதியை நேராகப் போய் அடைக்கிற மாத்திரை. தினம் ஒன்று, துணை மருந்தோடு, 12 வாரம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் குணம், பக்கவிளைவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. விலை மட்டும் ஒரு மாத்திரை ஆயிரம் டாலர், முழு சிகிச்சைக்கு 84,000 டாலர். இந்த மருந்து பிறந்த ஃபார்மாசெட் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரேமண்ட் ஷினாஸி, எகிப்தின் அலெக்சாந்திரியாவில் பிறந்தவர், சிறுவயதில் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போனவர். கிலியட் என்ற அமெரிக்க மருந்து நிறுவனம் அந்தக் கம்பெனியையே சுமார் 1,100 கோடி டாலருக்கு வாங்கியது. இதைக் கதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள்.

எகிப்து பேரம் பேசியது. கையில் இருந்த துருப்புச்சீட்டு ஒன்றுதான்: மக்கள்தொகைக்கு எங்களிடம் இருக்கிற விகிதத்தில் நோயாளிகள் உலகத்தில் யாரிடமும் இல்லை. ஒரு மாத மருந்து 300 டாலருக்கு வந்தது, 12 வாரத்துக்கு 900, அதாவது அமெரிக்க விலையில் சுமார் ஒரு சதவீதம். 2014 செப்டம்பரில் இணையத்தில் பதிவு திறந்ததும் சில நாட்களிலேயே லட்சக்கணக்கானோர் பெயர் கொடுத்தார்கள். அப்புறம் உள்ளூர்க் கம்பெனிகளே சோஃபோஸ்புவிரும் அதன் துணை மருந்தான டாக்லாடாஸ்விரும் தயாரிக்க ஆரம்பிக்க, விலை நூறு டாலருக்கும் கீழே இறங்கியது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த கட்டம் 2016. காத்திருப்போர் பட்டியல் தீர்ந்துபோனது. மருந்து இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், ஆள் வரவில்லை! நோய் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் எல்லோரும் வந்து முடித்தாயிற்று, மீதிப்பேருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. மருந்து விலையில் மட்டுமே கண்ணாக இருந்தவர்கள் எதிர்பார்க்காத முட்டுச்சந்து இது.

மறுபடியும் வரிசை

2018 அக்டோபரில் '100 மில்லியன் ஸெஹ்ஹா' ஆரம்பித்தது. ஸெஹ்ஹா என்றால் ஆரோக்கியம். வயது வந்த அத்தனை பேரையும், அதாவது ஆறே கால் கோடிப்பேரை, சோதித்துவிடுவது என்று திட்டம். உலக வங்கிக் கடனும் வாங்கினார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், உடல் எடை எல்லாம் கூடவே பார்த்தார்கள், இது வெறும் கூடுதல் வசதி இல்லை, சாமர்த்தியம் என்பேன்: 'வைரஸ் சி இருக்கிறதா' என்று மட்டும் கேட்கிற வரிசையில் நிற்க ஆள் கூசுவார், பிரஷர் பார்க்க நிற்பதில் என்ன கூச்சம்?

விரல் நுனியில் ஒரு குத்து. குத்திய சின்ன ஊசி குப்பைப் பெட்டிக்குப் போகும், அடுத்தவருக்குப் புதிது.

2019 ஏப்ரல்வரை ஏழு மாதத்தில் 4 கோடியே 96 லட்சம் பேர் வந்து போனார்கள், இலக்கில் ஐந்தில் நான்கு பங்கு. ஆன்டிபாடி பாசிட்டிவ் 22 லட்சத்துக்கும் மேல். பிசிஆர் பார்த்ததில் வைரஸ் இருப்பது உறுதியானவர்கள் 11 லட்சத்துக்கும் மேல், அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உடனே மாத்திரை தொடங்கினார்கள். முடிவு தெரிந்தவர்களில் 98.8 சதவீதம் குணம். ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்து, மருந்து கொடுத்து, குணமாக்கி முடிக்க ஆன மொத்தச் செலவு சுமார் 131 டாலர்.

2023 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் எகிப்துக்குத் தங்கத் தர அங்கீகாரம் கொடுத்தது. ஹெபடைடிஸ் சி ஒழிப்புப் பாதையில் அந்த இடத்துக்கு வந்த முதல் நாடு. நோய் உள்ளவர்களில் 87 சதவீதம் பேரைக் கண்டுபிடித்து, கண்டுபிடித்தவர்களில் 93 சதவீதம் பேருக்கு மருந்து கொடுத்திருந்தார்கள்.

இந்த வழியில் சிக்கலே இல்லை என்று சொல்ல மாட்டேன். குணமானவர் மறுபடி தொற்றிக்கொள்ளலாம், ஒருமுறை வந்துபோனதால் உடம்புக்குப் பாதுகாப்பு வந்துவிடாது, தடுப்பூசியும் இன்னும் இல்லை. ஆகவே ஊசி, ரத்தம், கத்தி மூன்றும் சுத்தமாக இல்லாத இடத்தில் மாத்திரை மட்டும் கொடுப்பது ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பதுதான். கண் முன்னால் உறை பிரித்த சிரிஞ்சா, சலூனில் புது பிளேடா, பச்சை குத்துகிறவர் ஊசியை மட்டுமில்லாமல் மைக் கிண்ணத்தையும் மாற்றுகிறாரா, டயாலிசிஸ் பிரிவில் ஒருவருக்குத் தொட்ட கையுறையோடு அடுத்தவரிடம் வருகிறார்களா என்று பார்க்கணும். காய்ந்துபோனால் செத்துவிடும் கிருமி என்றும் நினைக்காதீர்கள், சிரிஞ்சுக்குள் மிஞ்சிய ரத்தத்தில் இந்த வைரஸ் 63 நாள்வரை உயிரோடு இருந்ததை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். போதை ஊசியைப் பகிர்ந்துகொள்கிறவர்களிடம் இது தீயாய்ப் பரவுவது அதனால்தான். கட்டிப்பிடிப்பது, ஒரே தட்டில் சாப்பிடுவது, தாய்ப்பால், இவற்றால் பரவாது. முக்கியமாக, மாத்திரை போதும் என்கிற சளிக்காய்ச்சலுக்கு 'ஓர் ஊசி போட்டுடுங்க சார்' என்று நாமாகக் கேட்பதை நிறுத்தலாம்.

இந்தியாவில் 2018 ஜூலை 28 முதல் தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் இருக்கிறது. அதன் மையங்களில் சோதனையும் மாத்திரையும் இலவசம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரித்தால் வழி சொல்வார்கள். மாத்திரை தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும், சி அடங்கும்போது தூங்கிக்கொண்டிருந்த பி தலைதூக்கலாம். இதயத் துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுகிறவர், நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல் விழுங்குகிறவர் எல்லாம் அதை டாக்டரிடம் சொல்லிவிடணும், மறைக்க ஒன்றுமில்லை. ஏற்கெனவே சிரோசிஸ் வந்துவிட்டவருக்கு வைரஸ் போனபிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் உண்டு, தழும்பு முழுசாகப் போய்விடாது, புற்றுநோய் அபாயமும் பாக்கி இருக்கும்.

அப்புறம் அந்த இரண்டாவது படி. வைரஸ் போனாலும் ஆன்டிபாடி ஆயுசுக்கும் ரத்தத்தில் இருக்கும். வளைகுடா வேலைக்குப் போகிற எகிப்தியர்கள் இதில் படாத பாடு பட்டார்கள், ஆன்டிபாடி பாசிட்டிவ் என்ற ஒரே வரியில் விசா போய்விடும். ராமநாதபுரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் அதே வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கும் அதே மெடிக்கல்தான். 'அன்ஃபிட்' என்று எழுதிய தாளைப் பார்த்துத்தான் தனக்கு இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியவருகிறது. அந்தத் தாளோடு கூனிக் குறுகி ஊருக்கு வந்து உட்கார்ந்துவிடாமல் பிசிஆர் எடுங்கள். வைரஸ் இருந்தால் பெரும்பாலும் 12 வாரம்தான். மாத்திரை முடிந்து மூன்று மாதம் கழித்து எடுக்கிற பிசிஆரில் வைரஸ் இல்லை என்று வந்தால் அதுதான் குணமானதற்கான தாள், அதை லேமினேட் செய்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இனி எங்கே ரத்தம் சோதித்தாலும் முதல் சோதனை பாசிட்டிவ் என்றுதான் வரும், ஒவ்வொரு தடவையும் நீங்கள்தான் அதை எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.